சீராகப் போன மெஷின்

டெம்போவிலிருந்து முதலில் எம்பிராய்டரி மெஷினை இறக்கினார்கள். பிறகு ஜல்பா இறங்கினாள், கையில் ஒரு பையோடு.

"நீ எதுக்கும்மா வந்தே? மெஷினை மட்டும்தானே அனுப்பச் சொன்னேன்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மம்மியைப் பாக்கணும்போல இருந்துச்சு பப்பா. சாயங்காலமே போயிடுவேன்."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எனக்கு வரவில்லை. பெற்ற மகள் என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போனாள்.

எல்லாம் இந்த மனுஷனின் கெட்டிக்காரத்தனம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மகள் கல்யாணச் சீரில் மெஷினே வைக்கிறேன் என்று சம்பந்திகளிடம் மார்தட்டினார். பில்லை மட்டும் எங்கள் பட்டறை பேரில் வாங்கினார். தொழிலுக்கு வாங்கிய மெஷின் என்று கணக்குக் காட்டி, கட்டிய ஜி.எஸ்.டி.யை இன்புட் கிரெடிட் என்று பட்டறை வரியில் கழித்துக்கொண்டார்.

வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "சூரத்ல எவன்தான் செய்யல? போய் ரொட்டியைப் போடு" என்றார்.

இப்போது வரி அதிகாரி மெஷினை நேரில் பார்க்க வருகிறார். மெஷின் பட்டறையில் இல்லையென்றால் எடுத்த வரியை வட்டியோடும் அபராதத்தோடும் கட்ட வேண்டும். தீபாவளிக்குப் பிறகு ஆர்டர் இல்லாமல் பட்டறையில் பாதி மெஷின்கள் ஓடவில்லை. கட்டினால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அதனால்தான் நேற்று நவ்சாரிக்கு, மகளின் மாமியார் வீட்டுக்குப் போன் போட்டார். ஒரு நாளைக்கு மெஷினைக் கொடுங்கள் என்று கெஞ்சினார்.

அந்த அம்மாள் சிரித்தது அடுப்படியில் நின்ற எனக்கே கேட்டது. "கொடுத்ததைத் திருப்பிக் கேக்குற வீட்ல போய்ப் பொண்ணு எடுத்தோமே!"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதிகாரி வந்தார். பில்லில் இருந்த நம்பரையும் மெஷினில் இருந்த நம்பரையும் ஒத்துப் பார்த்தார். ஓட்டிக் காட்டச் சொன்னார். பட்டறை ஆள் எழுந்திருப்பதற்குள் ஜல்பா போய் உட்கார்ந்துவிட்டாள்.

துணியில் ஒரு மயில் கழுத்து வரை வந்தது. போதும் என்றார் அதிகாரி.

என் வீட்டுக்காரர் முகமெல்லாம் பல். டீயும் ஃபாஃப்டாவும் வாங்கிவரச் சொன்னார்.

"மெஷின் ஓட்டுறவங்க பேரையும் எழுதணும். உன் பேர் என்னம்மா?"

"ஜல்பா."

"முழுப் பேர்?"

எங்கள் பக்கம் பெண்ணின் பேருக்குப் பின்னால் கல்யாணம் வரை அப்பா பேர் வரும். தாலி ஏறியதும் அது போய்ப் புருஷன் பேர் வந்துவிடும். ஆதாரிலும் பாங்கிலும் இரண்டு வருடமாக அவள் ஜல்பா கௌஷிக்பாய்.

"ஜல்பா ரமணிக்பாய்" என்றாள் என் மகள்.

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். என் வீட்டுக்காரரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"நாளைக்கு வேற ஆபீசர் வந்து கேட்டாலும் இவங்க இருக்கணும், ரமணிக்பாய். இங்கேயேதானே இருப்பாங்க?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஜல்பா கொண்டுவந்த பையைப் பார்த்தேன்.

"ஆமா சாகேப்" என்றார். "இனிமே இங்கேதான் இருப்பா."