அரைச் சொட்டு

ஊசி கையுறையைத் துளைத்துக்கொண்டு கட்டைவிரலில் இறங்கிவிட்டது.

டாக்டரம்மா கத்தவில்லை. ஊசிக்குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். மருந்து அரைச் சொட்டு குறைந்திருந்தது. அந்த அரைச் சொட்டு இப்போது அவள் ரத்தத்தில்.

யானையைச் சாய்க்கிற மருந்து. மனிதனுக்கு அரைச் சொட்டே அதிகம். முதலில் உதடு மரத்துப்போகும். அப்புறம் தூக்கம் வரும். அப்புறம் நெஞ்சுக்கு மூச்சு விட மறந்துபோகும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவளே சொல்லிப் பயமுறுத்துகிற வரிகள்தான்.

மாற்று மருந்து உண்டு. ஒரே ஒரு பெட்டி. ஆபத்து அங்கேதான் என்பதால் அது எப்போதும் மயக்க ஊசித் துப்பாக்கியோடு போகும். துப்பாக்கி அவள் புருஷன் கையில். புருஷன் காட்டுக்குள்.

இந்தக் காட்டில் யானைகள் பெருகிவிட்டன, தண்ணீர் சுருங்கிவிட்டது. சில யானைகளை மயக்கி, லாரியில் ஏற்றி, வேறு காட்டில் கொண்டுபோய் விடுவதுதான் இருவருக்கும் பிழைப்பு. இன்றைக்கு ஒரு கொம்பன். மயக்க ஊசியை நிரப்பிக் கொடுப்பது அவள் வேலை. அதைச் சுடுவதும், யானை படுத்ததும் கிட்டப் போய் அதன் கண்ணைத் துணியால் மூடுவதும் அவன் வேலை.

சற்று முன்புதான் வாக்கி டாக்கியில் அவன் குரல் கிசுகிசுத்தது. "பட்டுடுச்சு. புதருக்குள்ள போனான், சத்தத்தையே காணோம். படுத்துட்டான் போல. நல்லா ஏறட்டும், அப்புறம் கிட்டப் போறேன்."

அதோடு வாக்கி டாக்கியை நிறுத்திவிட்டான். படுத்த யானையின் பக்கத்தில் கரகர சத்தம் ஆகாது.

ஒன்று போதாமல் போனால் இருக்கட்டுமே என்று இரண்டாவது ஊசியை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் இப்படி ஆனது. நான் இல்லாதபோது மருந்தைத் தொடாதே என்று அவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். யார் கேட்டது?

"ஓடிப்போய் சாரைக் கூட்டிட்டு வரட்டுமா?" ஜீப் ஓட்டுநர் அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்.

"போய்ட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்ணே. இங்கயே இருங்க. என் மூச்சு நின்னா, உங்க வாயால ஊதிக்கிட்டே இருக்கணும்."

"நானாம்மா? சார் என்னை உயிரோட விடுவாரா?"

பின்சீட்டில் படுத்துக்கொண்டாள். ஓட்டுநர் அவள் மூச்சைக் கவனிப்பதும், கூச்சத்தில் முகத்தைத் திருப்புவதும், பயந்துபோய் மறுபடி கவனிப்பதுமாக இருந்தார்.

உதட்டைக் கடித்துப் பார்த்தாள். வலித்தது.

காலையில் புருஷனோடு சண்டை போட்டுவிட்டுத்தான் கிளம்பினாள். எதற்கு? ஞாபகம் வரவில்லை. ஆரம்பித்துவிட்டதா?

இல்லை, வந்துவிட்டது. ஈரத் துண்டை மெத்தையில் போட்டிருந்தான்.

மறுபடி உதட்டைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. வலித்தது.

மருந்து வேலையைக் காட்ட வேண்டிய நேரம் வந்தது. போனது. அதற்கு மேலும் அவ்வளவு நேரம் போனது.

இமை கனக்கவில்லை. பத்து விரலும் சொன்ன பேச்சைக் கேட்டன. நெஞ்சு பாட்டுக்கு ஏறி இறங்கியது.

ஓட்டுநர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். போன உயிர் அவருக்கும் சேர்த்துத் திரும்பி வந்திருந்தது.

"எமனையே ஏமாத்திட்டீங்க டாக்டரம்மா. அத்தாம் பெரிய யானையே படுத்துருச்சு, உங்களுக்கு ஒரு கொட்டாவிகூட வரலையே."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

பாதிச் சிரிப்பில் வாய் அப்படியே நின்றுபோனது.

பக்கத்தில் இருந்த மருந்துக் குப்பியைப் பார்த்தாள். நேற்று வந்து இறங்கிய புதுச் சரக்கு. புருஷன் கொண்டுபோன ஊசியையும் இதே குப்பியிலிருந்துதான் நிரப்பிக் கொடுத்திருந்தாள்.

வாக்கி டாக்கியை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். அவன் அதை இன்னும் நிறுத்தியே வைத்திருந்தான்.

"ஹாரன் அடிங்கண்ணே." அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "கையை எடுக்காம அடிங்க."

"ஐயோ, யானை எந்திரிச்சிருமேம்மா."

"அது தூங்கவே இல்லண்ணே."