நாவல் நிறக் குடை

"மாமாவின்ர கை என்ர கைக்குள்ளயே குளிர்ந்து போச்சுது, மிஸ்," என்று சொல்லிவிட்டுக் கம்சிகா லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். கண்ணீர் உண்மையாகவே வந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கம்சிகாவுக்கு மாமா கிடையாது. அம்மாவோடு கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் பெண்கள்.

ஊர்காவற்றுறையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நேர்முகம் நடந்தது. வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச் சங்கம் தீவுப்பகுதியிலிருந்து ஒரு பிள்ளையைச் செலவு கொடுத்து நேர்ஸிங் படிக்க வைக்கப்போகிறது. ஒரேயொரு பிள்ளை. கடைசிச் சுற்றுக்குக் கூப்பிடப்பட்டவர்கள் கம்சிகாவும் சிவரூபியும்.

"ஏன் நேர்ஸிங்?" இதுதான் கேள்வி. கம்சிகாவிடம் பதில் இருந்தது. வெளியே சொல்லக்கூடிய பதிலாக இல்லை. சிவரூபி நேர்ஸிங் என்றாள். அதனால் அவளும் நேர்ஸிங்.

எப்போதும் அப்படித்தான். சிவரூபி அனலைதீவுப் பிள்ளை. சுருவில் கிராமத்தில் கம்சிகாவின் அடுத்த வீட்டில், பெரியம்மாவோடு தங்கிப் படித்தவள். அவளுக்குச் சிவப்புச் சைக்கிள் வந்தால் கம்சிகாவின் நீலச் சைக்கிள் அன்றே பழசாகிவிடும். அவள் உயிரியல் எடுத்தாள். தவளையைக் கண்டால் கதிரையில் ஏறுகிற கம்சிகாவும் உயிரியல் எடுத்தாள். தகப்பன் இல்லாத பிள்ளை என்று ஊர் சிவரூபிக்கு இரங்கினால், அதற்கும் கம்சிகாவின் நெஞ்சு எரியும்.

அந்தத் தகப்பன் எப்படிச் செத்தார் என்று சிவரூபி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. சோதனையில் பேப்பரை முழங்கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறவள் அவள். இன்று காலை, பஸ்ஸில், கேட்காமலே சொன்னாள்.

"ஏன் நேர்ஸிங் எண்டு கேட்டா அப்பாவைத்தான் சொல்லப்போறன். நெஞ்சு நோ எண்டு லோஞ்சில ஏத்தினது. நடுக்கடலில சீவன் போட்டுது. கூட வந்த நேர்ஸ் மிஸ் அவற்ர முகத்தில வெயில் படாமல் குடை பிடிச்சுக்கொண்டிருந்தவா. மூச்சு நிண்ட பிறகும் ஜெற்றி வருமட்டும் மடக்கேல்லை."

"என்ன குடை?"

"நாவல் நிறம். ஒரு கம்பி முறிஞ்சது."

கம்சிகா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இப்படியொரு சாவும் இவளுக்குத்தான் வாய்க்கிறது என்று நினைத்தாள்.

வகுப்பறை வாசலில் சிவரூபி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பயமாக் கிடக்கு. நீ முதல்ல போ."

கம்சிகா இரண்டாம் தரம் சொல்ல வைக்கவில்லை. அப்பாவை மாமாவாக மாற்ற, வாசலிலிருந்து கதிரை வரையுமான தூரம் போதுமாக இருந்தது.

சங்கத்துக்காரர் இருவருக்கும் நடுவில் இருந்தவர் அல்போன்சம்மா. ஓய்வுபெற்ற மேற்றன், நேர்ஸ்மாருக்குத் தலைவியாக இருந்தவர். அவர் வருவார் என்று நேர்முகக் கடிதத்திலேயே போட்டிருந்தது. கதை முடிந்ததும் அவர்தான் முதலில் கேட்டார்.

"எந்த லோஞ்ச், பிள்ளை?"

"அனலைதீவு லோஞ்ச், மிஸ். மாமா அங்கதான் இருந்தவர்."

"குடை என்ன நிறம்?"

இப்படி ஒரு கேள்வியைக் கம்சிகா எதிர்பார்க்கவில்லை. ஆனால் பதில் கைவசம் இருந்தது. "நாவல் நிறம், மிஸ். ஒரு கம்பி முறிஞ்சது."

அல்போன்சம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சரி. நீர் போம்."

மேற்றனையே கலங்க வைத்தாயிற்று. கம்சிகா துள்ளாத குறையாக வெளியே வந்தாள். உள்ளே போன சிவரூபியைப் பார்க்க, முதல்முறையாக அவளுக்குப் பாவமாக இருந்தது. இனி அந்தக் கதையைச் சொன்னால், களவெடுத்தவள் சிவரூபி என்றுதான் நினைப்பார்கள்.

சிவரூபி போன வேகத்தில் திரும்பி வந்தாள். கொஞ்ச நேரத்தில் சங்கத்துக்காரர் ஒருவர் விறாந்தைக்கு வந்தார்.

"சிவரூபி, உமக்குத்தான் கிடைச்சிருக்கு. வாழ்த்துகள்." பிறகு கம்சிகாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "தங்கச்சி, நீர் குறை நினையாதையும்."

பஸ் தரிப்பிடம் வரும்வரை கம்சிகா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

"நீ உள்ளுக்கை என்னத்தைச் சொன்னனீ?"

"மாசச் சம்பளம் வரும் எண்டு சொன்னனான். அம்மா இனிக் கூலிக்குப் புகையிலை நடப் போகத் தேவையில்லை எண்டு சொன்னனான்."

"அவ்வளவுதானோ?"

"வேற என்ன கிடக்கு சொல்ல?"

"எடி, அப்ப உன்ர அப்பா? லோஞ்ச்? குடை?"

"ஓ, அதை நீ சொல்லிப்போட்டியோ?" சிவரூபி சிரிக்கவில்லை. சட்டையின் மடிப்பை நீவிவிட்டாள். "அப்பா வீட்டில, நித்திரையிலதான் செத்தவர். அனலைதீவில ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம்."

பஸ் வந்து நின்றது. மிதிபலகையில் ஒரு காலை வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"லோஞ்சில குடை பிடிச்சவா அல்போன்சம்மா மிஸ். செத்தது அவவின்ர புருசன்."