வியாழக்கிழமைதான் வருமாம்

அமெரிக்காவின் லூசியானா கடலோரத்தில் புயல் அன்று மாலை கரையைக் கடக்க இருந்தது. ஊரைவிட்டு வெளியேற இருந்த ஒரே பாலத்தை நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள். இரண்டரை மணிக்கு, மழையில் தொப்பலாக நனைந்து ஓடிவந்தான் ரெமி. கிழவர் குளோவிஸ் தன் உதிரிபாகக் கடை ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, வேன்ல ரேடியேட்டர் ஹோஸ் வெடிச்சிருச்சு. பழைய மாடல். வீட்ல பொண்டாட்டி, பத்து நாள் குழந்தை, நடக்க முடியாத மாமியார். அக்கம்பக்கத்துல எல்லாரும் போயிட்டாங்க.”

“ஹைவேல அவ்வளவு பெரிய உதிரிபாகக் கடை இருக்கே, அங்க பாத்தியா?”

“பாத்துட்டேன். ஆர்டர் பண்ணா வியாழக்கிழமைதான் வருமாம்.”

“இன்னிக்குத் திங்கள்தானே?” என்றபடி உள்ளே போனார். பரணில் பெட்டிகள் உருளும் சத்தம் கேட்டது. ரெமி கடிகாரத்தைப் பார்த்தான். இல்லையென்று சொல்லிவிட்டால்?

தூசி படிந்த ஹோஸுடன் குளோவிஸ் வந்தார். அவனைத் தன் டிரக்கில் ஏற்றிக்கொண்டுபோய், கொட்டும் மழையில் தானே அதை மாட்டினார்.

வேன் உறுமிக் கிளம்பியதும் ரெமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

“ஐயா, உங்ககிட்ட மறைச்சுட்டேன். அந்தப் பெரிய கடைக்கு மேனேஜரே நான்தான்.”

“தெரியும்பா. கடை திறந்த அன்னிக்கு, ‘இனிமே யாரும் குளோவிஸ் கடைக்குப் போய் தூசி தட்ட வேண்டாம்’னு மைக்ல பேசினவன் நீதானே? சீக்கிரம் கிளம்பு, பாலத்தை மூடிடுவாங்க.”