மூன்றாவது பின்

"அண்ணை, திரும்பவும் நிண்டுட்டுது!"

மலைப்பாதைக் கொட்டகையிலிருந்து ஆனந்தராஜாவின் குரல் தொலைபேசியில் இரைந்தது. ட்ராக்டரின் முன்னால் பூட்டிப் பனியை அள்ளி வீசும் இயந்திரத்துடன் காலையிலிருந்து மல்லுக்கட்டுகிறான்.

மெல்பேர்ன் பட்டறையில் எஞ்சினியர் யோகேஸ்வரன் ரிசீவரை இறுக்கிப் பிடித்தான்.

"மெஷின் வாயில பனி அடைச்சிட்டுதோ?"

"இல்லை. கிண்டிப் பார்த்தனான்."

"தடியாலதானே? கையை விட்டிடாதை. விரல் இல்லாத மாப்பிள்ளைக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?"

"விரல் இருந்தே ஒருத்தரும் குடுக்கேல்லை அண்ணை."

யோகேஸ்வரனுக்குச் சிரிப்பு வரவில்லை. மலையுச்சி விடுதியில் அவன் மனைவி ரஞ்சினி. நர்ஸ் வேலை; வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. நேற்று மாலை போனில், "வயிறு நோகுதப்பா" என்றாள். "பாதை திறக்குமட்டும் அசையாதை" என்றான். "ஓம்" என்றாள். பிறகு உச்சிக்குப் போகும் லைன் அறுந்துவிட்டது.

"ட்ராக்டர் ஓடுது, பிளேட் மட்டும் சுத்தேல்லையோ?"

"ஓம்."

"பிளேட்டைப் பிடிச்சிருக்கிற பின் உடைஞ்சிருக்கும். மாத்து."

"மாத்தினனான். ரெண்டாவதும் அதே இடத்திலதான் உடைஞ்சுது. இனிப் பின் இல்லை."

சுழலும் பிளேட் எதிலாவது முட்டினால் அந்த மெல்லிய பின் முதலில் உடைந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அதற்காகத்தான் அது. அந்த இடத்தில் வேறெதையும் போடாதே என்று எல்லோருக்கும் படித்துப் படித்துச் சொல்பவன் யோகேஸ்வரன்.

"கல்லாத்தான் இருக்கும். கெட்டியான போல்ட் ஒண்டைப் போட்டு விடு."

"நீங்களே சொல்லுறியளோ?"

"மெஷின் போனா நான் பொறுப்பு. அவளை இறக்கவேணும் தம்பி."

மறுமுனையில் ரிசீவர் மேசையில் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தூரத்தே இயந்திரம் உறுமியது. நிற்கவில்லை. யோகேஸ்வரன் மூச்சு விட்டான். நீண்ட கரகரப்பு. பிறகு அமைதி.

ஆனந்தராஜா போனுக்கு ஓடிவரும் சத்தம் கேட்டது.

"அண்ணை..."

"பாதை திறந்திட்டுதோ?"

"கல்லில்லை அண்ணை. கார். ராத்திரிப் பனியில புதைஞ்சு கிடந்திருக்கு."

"ஆரின்ரை கார்?"



"முன் பம்பரில தேசிக்காய் கட்டியிருக்கு, அண்ணை."

வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் புறப்பட்ட ரஞ்சினி சிரிக்கச் சிரிக்க, கண்ணூறு படாமல் அவள் காரில் அந்த எலுமிச்சங்காயைக் கட்டிவிட்டவன் யோகேஸ்வரன்.