புகார் இல்லாத பாதை

குடியிருப்பை ஒட்டிய காலி மனையில் பொக்லைன் வந்து நின்றது. அங்கே புதருக்குள் வசித்த ஆண் முயல், தன் மூன்று குட்டிகளுக்கு மலையில் இடம் பார்க்கக் கிளம்பியது. அடிவாரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. அங்கேயே குடியிருந்த கவுதாரியிடம் விசாரித்தது.

"அக்கா, படிக்கட்டுப் பாதை எப்படி?"

"அதை ஏன் கேக்குற? தினமும் புகார்தான். நேத்து இறங்கி வந்த கீரி, கால்ல முள்ளு குத்திடுச்சுன்னு அழுதுச்சு. வாக்கிங் வர்றவங்க நாய் துரத்துதுன்னு உடும்பு ஒரு மணி நேரம் புலம்புச்சு."

முயல் மற்றப் பாதையைத் திரும்பிப் பார்த்தது. "குவாரிப் பாதை?"

"அதுல எத்தனையோ பேர் போயிருக்காங்க. இதுவரைக்கும் ஒருத்தர்கூட வந்து குறை சொன்னதில்ல."

"நல்லவேளை, உங்களைக் கேட்டேன். வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிடுவேன்" என்று சொல்லிவிட்டு, முயல் குவாரிப் பாதையில் ஓடியது.

வெயில் சாயும் நேரத்தில் பெண் முயல் மூச்சிரைக்க வந்தது. பொக்லைன் புதர்வரைக்கும் வந்துவிட்டது.

"அக்கா, எங்க வீட்டுக்காரர் இந்தப் பக்கம் வந்தாரா?"

"காலையிலேயே வந்தாரே. குவாரிப் பாதையிலதான் போனார்."

"பாதை எப்படியாம்? ஏதாவது சொன்னாரா?"

கவுதாரி இறகைக் கோதிக்கொண்டது.

"அவரும் ஒரு குறையும் சொல்லல."