ஒரு டப்பா மண்

“ஆணியே அடிக்காம மரத்துல கோயில் கட்டியிருக்கானாமே, நெசமாவா மச்சான்?”

கேட்டவன் சவரியப்பன். அக்காள் சந்தனமேரி போட்டுக் கொடுத்த டீயில் மூன்றாவது டம்ளரையும் காலி செய்துவிட்டுத்தான் கேட்டான்.

“நெசந்தான் மாப்ள. கிஜின்னு ஒரு தீவு. இருவத்திரெண்டு கோபுரம், ஒத்த ஆணி கெடையாதுன்னு ரகுநாத் தம்பி மைக்குல சொல்லுச்சு” என்றார் இன்னாசி.

கீரனூர் வட்டாரத்தில் கல்யாணச் சமையல் பார்க்கும் இன்னாசி, ரஷ்யா போய் அன்று சாயங்காலந்தான் திரும்பியிருந்தார். மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்க் வரை பதினோரு நாள் ஆற்றிலேயே கப்பல். வழியில் நிறுத்தி நிறுத்திப் பழைய கோயில், கோட்டை எல்லாம் காட்டுவார்கள். டூர் நடத்துகிற ரகுநாத் நம் பக்கத்து ஆட்கள் எண்பது பேரை அழைத்துப் போனார். ரஷ்யாவே ஆனாலும் எண்பது பேருக்கும் மதியம் சாம்பார் வேண்டுமே! அதற்குத்தான் இன்னாசி.

“இன்னும் கேளு மாப்ள. உக்லிச்சுன்னு ஒரு ஊரு. எட்டு வயசு இளவரசன் செத்த எடத்துல செவப்பா ஒரு கோயிலே கட்டி வச்சிருக்கான்.”

சந்தனமேரிக்குச் சுருக்கென்றது. எந்த ராஜா மகனுக்கோ கோயில். அவள் பெற்ற மகனுக்கு ஒரு சிலுவை நட வழியில்லை. டாக்டருக்குப் படிக்க ரஷ்யா போன சேரன் கொரோனாவில் செத்துப்போனான். விமானம் ஓடாத காலம். யாரோஸ்லாவ்ல் என்கிற ஊரிலேயே புதைத்துவிட்டார்கள். நாலு வருஷமாய்க் கல்லறைத் திருநாளன்று ஊரே பூவும் மெழுகுவத்தியுமாய்க் கிளம்பும்போது, அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடப்பாள். எந்தக் கல்லறையில் போய் ஏற்றுவாள்?

அந்தக் கப்பல் யாரோஸ்லாவ்லில் மூன்று மணி நேரம் நிற்கும் என்று தெரிந்துதான் புருஷனை அனுப்பினாள். ‘அவன் குழியிலேருந்து ஒரு பிடி மண்ணு கொண்டாந்துருங்க, போதும்’ என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

“கப்பல்ல சமையக்கட்டு எப்புடி மச்சான்?”

“அதையேன் கேக்குற. அடியில ஒரு பொந்து. காய்னா உருளைக்கெழங்குதான். அதையும் கழுவாம மண்ணும் மொளையுமா மூட்டையில எறக்குவான். உரிச்சு உரிச்சு நகமே போச்சு.”

“போதும்டா, எந்திரி. மிச்சத்த நாளைக்கு வந்து கேளு” என்று தம்பியை விரட்டினாள் சந்தனமேரி. அவன் தலை மறைந்ததும் புருஷன் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“புள்ளையப் பாத்தீங்களா?”

இன்னாசி தலையாட்டினார். பையைத் துழாவி, ஒரு காலிப் பெருங்காய டப்பாவை எடுத்து அவள் கையில் வைத்தார். உள்ளே கறுப்பு மண். டப்பாவை முகத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பெருங்காய வாசம் மூக்கில் ஏறியது. ஏறட்டுமே, அவளுக்கென்ன!

“கப்பல் அங்க நின்ன அன்னைக்கி யாருக்கோ அறுபதாங் கல்யாணம், கப்பல்லயே விருந்துன்னு போன்ல சொன்னீங்களே. எப்புடிங்க விட்டாங்க?”

“ரகுநாத் தம்பிதான். ‘விருந்து கெடக்கட்டும்ணே, புள்ளையப் பாத்துட்டு வாங்க’ன்னு கார் வச்சு அனுப்புச்சு.”

“போட்டோ எடுக்கலையா?”

“போன்ல சார்ஜ் இல்ல மேரி.”

“எடம் எப்புடிங்க இருக்கு?”

“நல்லாருக்கு. பக்கத்துல வெள்ளைவெளேர்னு ஒரு மரம். நெழல்லதான் படுத்திருக்கான்.”

அவர் அவளைப் பார்க்கவில்லை. நகக்கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், மனுஷன் அழுகையை அடக்குகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு, ரகுநாத் குடும்பம் நன்றாயிருக்க வேண்டுமென்று மாதா கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். பங்குச் சாமியார் கல்லறைத் தோட்டத்தில் ஓரமாய் ஓர் இடம் கொடுத்தார். டப்பா மண்ணை அங்கே கொட்டி, மந்திரித்து, சேரன் பெயர் எழுதிய சிலுவையை நட்டார்கள். ஐப்பசி மழையும் நன்றாகப் பெய்தது.

கல்லறைத் திருநாள் வந்தது. நாலு வருஷத்துக்குப் பிறகு, செவ்வந்திச் சரமும் மெழுகுவத்தியுமாய்ச் சந்தனமேரியும் ஊரோடு நடந்தாள். முன்னால் போன சவரியப்பன் திடீரென்று கத்தினான்.

“அக்கா, இங்க வந்து பாரு! சிலுவைக்கடியில என்னமோ மொளச்சிருக்கு! ரஷ்யாச் செடி! நம்ம சேரனே வந்துட்டான்க்கா!”

பக்கத்துக் கல்லறைக்காரர்கள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். என்ன செடியென்று ஒருவருக்கும் தெரியவில்லை. இந்தச் செம்மண்ணில் யாரும் அதைப் பயிர் செய்ததில்லை.

சந்தனமேரி மண்டியிட்டுக் குனிந்தாள். ஊதா நிறத்தில் தடித்த தண்டு, சுருண்ட குட்டி இலை. இருபத்தைந்து வருஷமாய்ப் புருஷனுக்குக் காய் நறுக்கிக் கொடுத்தவள் அவள். விரலால் லேசாகக் கிளறினாள். வேரில், சுருங்கிப்போன ஒரு துண்டுத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து இன்னாசியைப் பார்த்தாள். அவர் நகக்கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெறும் களைடா, போ” என்று தம்பியிடம் சொல்லிவிட்டு அதைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மெழுகுவத்தியை ஏற்றிச் சிலுவையடியில் வைத்தாள். பிறகு புருஷனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெல்லக் கேட்டாள்:

“அந்த மூணு மணி நேரத்துல எத்தனை கிலோ உருளைக்கெழங்குங்க உரிச்சீங்க?”