எதிரொலி தூங்கிய பாட்டு

பகலில் வேலைக்குப் போகும் ஜெசிந்தா, குழந்தைக்காகத் தன் தாலாட்டைக் கணினியில் பதிந்தாள். குரல் குழைவாகக் கேட்க, எதிரொலி என்ற ப்ளக்-இன்னையும், அதாவது ஒலியை மெருகேற்றும் துணைநிரலையும், சேர்த்தாள். இருப்பதோ பழைய கணினி. ஓடவிட்ட போதெல்லாம் பாட்டு பாதியில் திக்கியது. தொட்டிலில் குழந்தை விழித்து அழுதது.

"அண்ணே, நான் ரொம்பக் கனக்குறேனா?" என்று எதிரொலி, கணினியின் மூளையான ப்ராசஸரிடம் கேட்டது.

"அதெல்லாம் இல்லடா" என்றது ப்ராசஸர். அதன் உடம்பெல்லாம் கொதித்தது. பக்கத்தில் அதன் சூட்டைத் தணிக்கும் விசிறிக்கு மூச்சு வாங்கியது.

"பொய் சொல்லாதீங்க. பாட்டு ஓடுற ஒவ்வொரு தடவையும் எனக்காகப் புதுசா கணக்குப் போடுறீங்க. ஒரே தடவை நிதானமாப் போட்டு, என் ஒலியை அவங்க குரலோடயே சேர்த்துப் பதிஞ்சுடுங்க. அப்புறம் என்னை ஆஃப் பண்ணிடுங்க."

"உனக்குப் பாட்டு கேக்காதேடா."

"பாப்பாவுக்குக் கேக்கும்ல?"

ப்ராசஸர் தயங்கித் தயங்கி அப்படியே செய்தது.

மறுநாள் பாட்டு எங்கும் திக்கவில்லை. குழந்தை கண் மூடியது. இத்தனை நாளும் கணக்கிலேயே மூழ்கிக் கிடந்த ப்ராசஸர், அன்றுதான் அந்தப் பாட்டை முதன்முதலாகக் கேட்டது. ஜெசிந்தாவின் குரல் நின்ற பிறகும் ஏதோ ஒன்று மெல்ல நீண்டு கரைந்தது.

"நீதானாடா அது?" என்றது ப்ராசஸர், தூங்குகிறவனை எழுப்பிவிடாத குரலில்.